சாதாரண தர ஆங்கில வினாத்தாள் மாறியபோது: இலங்கை, 1988–1991, ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய பதிவு

இலங்கையில் 11ஆம் ஆண்டு வகுப்பின் முடிவில் மாணவர் எழுதும் கல்விப் பொதுத் தராதரப் பத்திர (க.பொ.த.) சாதாரண தரப் பரீட்சைக்கான ஆங்கில வினாத்தாள் 1988 டிசம்பரில் புதிய வடிவம் பெற்றது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் முறையை மாற்றுவதற்கு ஒரு பொதுப் பரீட்சையை அறிந்தே கருவியாகப் பயன்படுத்திய முயற்சி அது. அதன் விளைவை வகுப்பறைக்கே சென்று பார்த்து எழுதிவைத்ததும் அப்போதுதான். பரீட்சை மாறினால் கற்பித்தல் மாறும் என்று அதுவரை பலரும் சொல்லி வந்தார்களே தவிர, வகுப்பறையின் பின்வாங்கில் அமர்ந்து அதைச் சரிபார்த்தவர்கள் மிகச் சிலர். ஆசிரியர், வினாத்தாள் தயாரித்தோர், வகுப்புகளைப் பார்வையிட்டோர் எவருடைய பெயரும் இங்கே தரப்படவில்லை. சிங்கள மொழிமூலப் பாடசாலைகளுக்கும் தமிழ் மொழிமூலப் பாடசாலைகளுக்கும் ஆங்கிலப் பாடநூலும் ஆங்கில வினாத்தாளும் ஒன்றே என்பதால், தமிழ் வாசகருக்கு இது அயல்வீட்டுக் கதையன்று.

பின்னணி

1945 முதல் ஆரம்ப வகுப்புகளிலும் பின்னர் படிப்படியாக மேல் வகுப்புகளிலும் தாய்மொழியே போதனாமொழி ஆனபோது, ஆங்கிலம் மற்றப் பாடங்களைக் கற்பிக்கும் மொழி என்ற நிலையிலிருந்து தானே ஒரு பாடம் என்ற நிலைக்கு வந்தது. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் நிர்வாகத்திலும் அதன் இடத்தைக் குறைத்தது. ஆனால் 1977க்குப் பின் வந்த திறந்த பொருளாதாரமும் வெளிநாட்டு வேலைவாய்ப்பும் ஆங்கிலத்துக்கான தேவையை மீண்டும் மேலே கொண்டுவந்தன. 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய அதே வேளையில் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று குறிப்பிட்டது.

இதற்கிடையில் பாடசாலைகளின் நிலை வேறாக இருந்தது. ஆங்கிலம் எல்லா மாணவருக்கும் கற்பிக்கப்பட்டது. ஆனால் உயர்தர வகுப்புக்குச் செல்ல அதில் சித்தியடைய வேண்டியதில்லை. தொழில் தேடும்போது ஆங்கிலத்தில் திறமைச் சித்தி (சாதாரண சித்திக்கு மேலான தரம்) உண்டா என்று கேட்பார்கள். படிப்பைத் தொடரும்போது கேட்கமாட்டார்கள். ஆகவே சில மாணவருக்கு அது உயிர்போகும் பரீட்சை, வேறு சிலருக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வரும் பரீட்சை. பரீட்சையின் செல்வாக்கைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அச்சம் இல்லாத இடத்தில் பரீட்சைக்குப் பலமும் இல்லை.

பாடநூல் முன்னே வந்தது

1980களின் நடுப்பகுதியில் 9, 10, 11ஆம் ஆண்டு வகுப்புகளுக்கு ‘இங்கிலிஷ் எவ்ரி டே’ என்ற புதிய பாடநூல் வரிசை அறிமுகமானது. மொழியை இலக்கண விதிகளின் தொகுப்பாகக் கற்பிக்காமல், அன்றாடத் தேவைக்குப் பயன்படும் கருவியாகக் கற்பிப்பதே அதன் நோக்கம். அறிவித்தலை வாசித்து வேண்டிய தகவலை எடுப்பது, குறிப்பு எழுதுவது, கடிதம் வரைவது, இருவர் இருவராகப் பேசிப் பழகுவது என்று செவிமடுத்தல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய நான்கு திறன்களுக்கும் அதில் இடம் இருந்தது.

நூல் மாறியது, அதை எப்படிக் கற்பிப்பது என்ற விளக்கம் நூலின் வேகத்தில் வகுப்பறைக்குப் போய்ச் சேரவில்லை. ஆசிரியர் கைந்நூல் தயாரிக்கப்பட்டிருந்தும் பல ஆசிரியர்கள் அதைக் கண்ணால் கண்டதில்லை. முறையான பயிற்சியின்றிப் பணியில் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். இருவர் உரையாடும் பயிற்சியை ஆசிரியரே இரு குரலிலும் வாசித்து, மாணவர் கேட்டுச் சொல்லி, அடுத்த பக்கத்துக்குப் போவது என்ற பழைய ஒழுங்குக்குள் புதிய நூலும் அடங்கிப் போகும் அபாயம் தொடக்கத்திலேயே இருந்தது.

எடுக்கப்பட்ட தீர்மானங்கள்

இந்த நிலையில் பாடவிதானப் பொறுப்பில் இருந்தவர்கள் எடுத்த முதன்மையான தீர்மானம், புதிய நூலுக்கு ஏற்றவாறு பரீட்சையையும் மாற்றுவது என்பது. அதன் நியாயம் எளிமையானது. பழைய வகை வினாத்தாளே இறுதியில் காத்திருக்கும் என்றால் எந்த ஆசிரியரும் புதிய நூலைப் பொருட்படுத்தப் போவதில்லை. நூல் கேட்பதையே வினாத்தாளும் கேட்டால் நூலை ஒழுங்காகக் கற்பிப்பதே பரீட்சைக்கு ஆயத்தம் செய்வதாகிவிடும். பரீட்சை கற்பித்தலின் மீது திரும்பிச் செலுத்தும் இத்தகைய தாக்கத்தை மொழித்தேர்வுத் துறையினர் ‘வாஷ்பேக்’ என்பர். பின்தாக்கம் என்று தமிழில் சொல்லலாம். வழக்கமாகப் பழியாகப் பேசப்படும் அந்தத் தாக்கத்தை இங்கே நன்மைக்காகத் திருப்பிவிட முடிவு செய்தார்கள்.

இரண்டாவது தீர்மானம், மதிப்பீட்டை இரு கூறாக அமைப்பது. நாடு முழுவதற்கும் பொதுவான எழுத்துப் பரீட்சை வாசித்தலையும் எழுதுதலையும் சோதிக்கும்; பாடசாலையில் ஆசிரியரே நடத்தும் தொடர் கணிப்பீடு பேசுதல், செவிமடுத்தல் உட்பட நான்கு திறன்களையும் கவனிக்கும். இலட்சக்கணக்கானோர் எழுதும் ஒரு பரீட்சையில் ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசவைத்துப் புள்ளியிடுவது ஆட்பலத்தாலும் பணத்தாலும் இயலாத காரியம். அதனால் அந்தப் பொறுப்பை வகுப்பாசிரியரிடம் விட்டார்கள். தாளில் பார்க்கும்போது இது நல்ல வடிவமைப்பு என்பதே என் கருத்து. இரண்டு கால்களில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது நிற்காது என்பது மட்டுமே அதன் பலவீனம்.

மூன்றாவது, விளைவைக் கண்காணிப்பது. பிரித்தானியாவின் வெளிநாட்டு அபிவிருத்தி நிர்வாகத்தின் உதவியோடும் லங்காஸ்ட்டர் பல்கலைக்கழகத்தின் பங்களிப்போடும் 1988 முதல் 1991 வரை ஒரு மதிப்பீட்டுத் திட்டம் நடந்தது. பரீட்சை நல்ல வினாக்களைக் கொண்டிருக்கிறதா, புள்ளியிடல் நம்பகமானதா என்பவற்றோடு, வகுப்பறையில் ஏதாவது மாறியதா என்பதும் அதன் கேள்வியாக இருந்தது. பரீட்சையை அறிமுகப்படுத்திவிட்டுப் பெறுபேறுகளை எண்ணி முடிப்பதே வழக்கமாக இருக்கும் நாட்டில், இந்தத் தீர்மானம்தான் நமக்கு இன்று கற்பதற்கு ஏதாவது விட்டுச் சென்றிருக்கிறது.

கைவிடப்பட்ட கால்

தொடர் கணிப்பீடு நிலைபெறாமலே கைவிடப்பட்டது. எஞ்சியது எழுத்துப் பரீட்சை மட்டும். நான்கு திறன்களையும் கேட்ட பாடநூலின் முடிவில் இரண்டு திறன்களை மட்டுமே கேட்கும் வினாத்தாள் நின்றது.

அந்த ஆண்டுகளின் சூழலையும் இங்கே குறிக்க வேண்டும். 1987 முதல் 1989 வரை தெற்கில் கிளர்ச்சி. வடக்கிலும் கிழக்கிலும் இந்திய இராணுவத்தின் காலம், அதன்பின் 1990 ஜூனில் மீண்டும் போர். பாடசாலைகள் திறந்திருந்த நாள்களை எண்ணிப் பார்த்துப் பாடத்தை முடித்த காலம் அது. நேரம் குறையும்போது எதை விடுவது என்ற கேள்வி எழும். பரீட்சைக்கு வராததை விடுவது என்பதே அதற்கு எவரும் தரக்கூடிய பதில்.

வகுப்பறையில் காணப்பட்டவை

நாட்டின் வெவ்வேறு பகுதிகளில் 14 ஆசிரியர்களின் வகுப்புகள் இரண்டு ஆண்டுக் காலத்தில் மீண்டும் மீண்டும் பார்வையிடப்பட்டன. பார்வையிட்டவர்கள் இலங்கையரே, பாடசாலையின் நடைமுறையை அறிந்தவர்கள்.

பாட உள்ளடக்கத்தின் மீது பரீட்சையின் தாக்கம் தெளிவாகவே தெரிந்தது. வருடத்தின் முற்பகுதியில் ஆசிரியர்கள் பாடநூலையே பின்பற்றினார்கள். அதைப் பரீட்சையின் வெற்றி என்று சொல்லலாம். பாடநூல் ஒன்றைக் கையில் தந்தால் ஆசிரியர் அதைப் பின்பற்றுவது இந்நாட்டின் வழக்கந்தானே என்றும் சொல்லலாம். இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஆனால் பாடநூலில் இருந்த செவிமடுத்தல், பேசுதல் பயிற்சிகள் தவிர்க்கப்பட்டமைக்கு இந்த ஐயம் இல்லை: வினாத்தாளில் அவை இல்லை, ஆகவே வகுப்பிலும் இல்லை. மூன்றாம் தவணை வந்ததும் 11ஆம் ஆண்டில் பாடநூல் மூடப்பட்டது. அதன் இடத்தில் கடந்தகால வினாத்தாள்களும், அவற்றைப் போன்று தனியார் அச்சிட்டு விற்ற மாதிரி வினாப் புத்தகங்களும் வந்தன. புத்தகக்கடை வாசலில் கட்டுக்கட்டாக அடுக்கிய மாதிரி வினாத்தாள்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இது வியப்பளிக்காது.

கற்பிக்கும் முறையின் மீது பரீட்சையின் தாக்கம் காணப்படவில்லை. இந்த நிகழ்வின் நடுநாயகமான கண்டறிதல் இதுவே. வாசிப்புப் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேருந்து நேர அட்டவணை ஒன்றைத் தந்து, காலை எட்டு மணிக்குள் கண்டியை அடைய விரும்புபவர் எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்று வினாத்தாள் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு மாணவர் எல்லாவற்றையும் வாசிக்கத் தேவையில்லை. வேண்டியதைத் தேடத் தெரிந்தால் போதும். இந்தத் தேடும் பழக்கத்தை வளர்ப்பதே அந்த வினாவின் நோக்கம். வகுப்பறையிலோ இத்தகைய பனுவல் ஆசிரியரால் உரக்க வாசிக்கப்படும். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்லப்படும். பின்னர் வினாக்கள் ஒவ்வொன்றாகக் கேட்கப்பட்டுச் சரியான விடை கரும்பலகையில் எழுதப்படும். வினாத்தாள் புதியது, வினா புதியது, அதைக் கையாண்ட கை பழையது. மாணவருக்குக் கிடைத்தது அந்த ஒரு வினாவின் விடை மட்டும். அடுத்த அட்டவணையை அவர் தாமே வாசிக்க அது உதவாது.

மூன்றாவது தாக்கம் அதிகம் பேசப்படாதது. என் பார்வையில் மிகவும் சுவையானது. பாடசாலையில் ஆசிரியர்களே தயாரிக்கும் தவணைப் பரீட்சைகள் தேசிய வினாத்தாளின் சாயலைப் பெறத் தொடங்கின. இதில் நன்மையும் இருந்தது. இலக்கண இடைவெளி நிரப்பலை விட்டு, பொருளுள்ள பனுவல்களை வாசிக்கச் செய்யும் வினாக்கள் கீழ் வகுப்புகளுக்கும் இறங்கின. தீமையும் இருந்தது, வடிவம் மட்டும் நகலெடுக்கப்பட்டு, அந்த வினா எந்தத் திறனைச் சோதிக்கிறது என்பது நகலெடுத்தவருக்கே தெரியாமல் போனது. வேறொருவர் பரீட்சைக்கு எழுதிய அட்டவணை வினாவை எடுத்து, பனுவலை மட்டும் மாற்றி, விடையைப் பனுவல் இல்லாமலே ஊகிக்கக்கூடியதாக்கிவிட்டால் அது எதைச் சோதிக்கிறது?

ஏன் என்று கேட்டபோது

வகுப்பைப் பார்ப்பது மட்டும் போதவில்லை. ஓர் ஆசிரியர் வாசிப்புப் பாடம் நடத்துகிறார் என்றால், பரீட்சைக்காக நடத்துகிறாரா, நூலில் இருப்பதால் நடத்துகிறாரா, வேறு வழி தெரியாததால் நடத்துகிறாரா என்பதைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. எனவே பார்வையோடு உரையாடலும் சேர்ந்தது.

ஆசிரியர்களிடம் பிடிவாதமோ சோம்பலோ காணப்படவில்லை. பாடநூலின் அணுகுமுறையைப் பலர் முழுமையாகப் புரிந்துகொண்டிருக்கவில்லை; பரீட்சை எதை எதிர்பார்க்கிறது என்பதையும் அவ்வாறே. வினாத்தாளைப் பார்த்தால் வினாவின் வடிவம் தெரியும், அதன் பின்னாலுள்ள எண்ணம் தெரியாது. எழுத்து வினாவுக்குப் புள்ளி எப்படி வழங்கப்படுகிறது, பிழையில்லாத நான்கு வாக்கியங்களுக்கா, சில பிழைகளோடு செய்தியை முழுமையாகச் சொன்ன பத்து வாக்கியங்களுக்கா அதிகப் புள்ளி என்பது தெரியாத ஆசிரியர், பாதுகாப்பான வழியாக மாதிரிக் கட்டுரையை மனனம் செய்ய வைப்பார். பெறுபேறும் அப்போது பாடசாலைக்கு விசேட சித்தி, திறமைச் சித்தி, சாதாரண சித்தி என்ற தரமாகவே வந்தது. மாணவர் எந்த வினாவில் தடுமாறினார்கள், ஏன் தடுமாறினார்கள் என்பது அதில் இல்லை. பரீட்சை ஆசிரியருக்கு உத்தரவிட்டது. ஆனால் அவரோடு பேசவில்லை.

இந்த அனுபவமும் இதைச் சார்ந்த ஆய்வுகளும் பின்தாக்கம் என்ற ஒற்றைச் சொல்லின் கீழ் எத்தனை வெவ்வேறு செய்திகள் கிடக்கின்றன என்பதைக் காட்டின. எதைக் கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது, எந்த வரிசையில், எந்த வேகத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்த மனநிலையில் என்று 1993இல் லங்காஸ்ட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை 15 கருதுகோள்களாகப் பிரித்து வைத்தார்கள். ஒரு பரீட்சை இவற்றுள் ஒன்றை அசைக்கலாம், மற்றொன்றைத் தொடாமலே விடலாம். இலங்கையில் முதலாவது அசைந்தது, இரண்டாவது அசையவில்லை.

பின்னர் நடந்தவை

எழுத்து வினாத்தாள் நிலைத்தது. தொடர் கணிப்பீடு என்ற எண்ணமும் முற்றாக மறையவில்லை. 1997ஆம் ஆண்டின் பொதுக்கல்விச் சீர்திருத்தங்களைத் தொடர்ந்து பாடசாலை மட்டக் கணிப்பீடு என்ற பெயரில் திரும்பி வந்தது. அதே சீர்திருத்தங்களின் ஒரு பகுதியாக முதலாம் தரத்திலிருந்தே செயற்பாடுகளின் வழியே பேச்சு ஆங்கிலத்தைப் பழக்கும் ஏற்பாடும் வந்தது. ஆனால் 11ஆம் ஆண்டின் முடிவில் காத்திருந்த தேசியப் பரீட்சை அதன்பின்னும் நீண்ட காலம் எழுத்துத் தாளாகவே இருந்தது. ஆறு வயதில் ஆங்கிலத்தில் பாடி ஆடத் தொடங்கிய பிள்ளை பதினாறு வயதில் வாய் திறக்காமல் அந்தப் பாடத்தை முடிக்கலாம்.

மொழித்தேர்வு ஆய்வாளரிடையே இந்த நிகழ்வு உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. இங்குள்ள ஆங்கில ஆசிரியர்களோடான உரையாடல்களில் அதன் பெயர் அரிதாகவே அடிபடுகிறது. தமிழில் இதை விரிவாக எழுத நேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்று மீண்டும் செய்வதானால்

பரீட்சையை மாற்றியது தவறு என்று நான் கருதவில்லை. பழைய வினாத்தாளை அப்படியே விட்டிருந்தால் புதிய நூல் அலுமாரியிலேயே இருந்திருக்கும். தவறு, தேர்வைப் பாடவிதானத்தின் கடைசிப் படியில் மட்டும் வைத்ததில் இருக்கிறது. தேவையை அறிதல், நோக்கங்களை வகுத்தல், அவற்றை அளக்கும் தேர்வுகளை அமைத்தல், பாடநூல், கற்பித்தல், மதிப்பீடு என்ற சுற்றில் தேர்வுக்கு ஓரிடம் அல்ல, பல இடங்கள் உண்டு. நூல் எழுதப்படும் முன்பே அதன் நோக்கங்களைச் சில மாதிரி வினாக்களாக எழுதிப் பார்த்தால், அளக்க முடியாத நோக்கம் எது, அளப்பதற்கு வகுப்பாசிரியரே தேவைப்படும் நோக்கம் எது என்பது அப்போதே வெளிப்பட்டிருக்கும். பேசும் திறனைத் தேசியப் பரீட்சையால் அளக்க முடியாது என்பதும், ஆகவே தொடர் கணிப்பீடு ஓர் உபரி அல்ல என்பதும் அந்த நிலையில் தெரிந்திருந்தால், அதைக் கைவிட்டபோது எதை இழக்கிறோம் என்பதாவது எழுத்தில் இருந்திருக்கும்.

தொடர் கணிப்பீட்டை மீண்டும் அமைப்பதானால் அதைச் சிறியதாக்குவேன். நான்கு திறன், மூன்று தவணை, பத்துப் படிவம் என்று கொடுத்தால் ஆசிரியர் வீட்டிலிருந்து புள்ளிகளை நிரப்பிக் கொண்டுவருவார். அது எவருக்கும் தெரியாத செய்தியன்று. ஒரு தவணைக்கு ஒரு பேச்சுப் பணி, நான்கு வரியில் அடங்கும் அளவுகோல், அருகிலுள்ள இரண்டு பாடசாலைகளின் ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை மற்றவர் கேட்டுப் புள்ளியை ஒப்பிடும் ஓர் அரை நாள். இவ்வளவு போதும். அந்த அரை நாளில் நடக்கும் வாதம், புள்ளி எண்ணிக்கையைவிடப் பயன் தரும்.

எழுத்துப் பரீட்சையைப் பொறுத்தவரை முதலில் செய்வது, புள்ளித்திட்டத்தை மாணவரின் உண்மையான விடைகளோடு சேர்த்துப் பாடசாலைகளுக்கு அனுப்புவது. பெயரும் சுட்டெண்ணும் நீக்கிய ஐந்து விடைகள், ஒவ்வொன்றுக்கும் இடப்பட்ட புள்ளி, இன்னதற்காக இவ்வளவு என்ற இரண்டு வாக்கியங்கள். பரீட்சை எதை மதிக்கிறது என்பதை எந்தச் சுற்றறிக்கையும் இதைப்போல் சொல்லிவிடாது. விடைத்தாள் திருத்தச் செல்லும் ஆசிரியருக்கு மட்டும் கிடைக்கும் அந்த அறிவை, திருத்தச் செல்லாதவருக்கும் கொடுப்பதே நோக்கம்.

தவணைப் பரீட்சையே என் பட்டியலில் மேலே நிற்கிறது. தேசிய வினாத்தாளின் வடிவம் எவர் சொல்லாமலும் தவணைப் பரீட்சைக்குள் இறங்கியது என்றால், ஆசிரியர் தாமாகவே வினா எழுதிப் பார்க்கும் இடம் அதுதான். முறைமையைப் பற்றிய பயிற்சிப் பட்டறையில் தலையாட்டிவிட்டு வகுப்புக்குத் திரும்பிப் பழையபடி நடப்பவர்கூட, தாம் எழுதிய வினா ஏன் பலன் தரவில்லை என்று கேட்டால் பேசுவார். பத்து ஆசிரியர்கள் தங்கள் கடந்த தவணை வினாத்தாளை மேசையில் வைத்து, ‘இந்த வினாவுக்குப் பனுவலை வாசிக்காமலே விடை சொல்லலாமா, இதை விடையளிக்க மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், அதை நான் எந்தப் பாடத்தில் பழக்கினேன்?’ என்று ஒவ்வொரு வினாவிடமும் கேட்டால், மூன்றாவது கேள்வியில் உரையாடல் தேர்விலிருந்து கற்பித்தலுக்குத் தானாகவே நகரும். 1988இல் தேசிய வினாத்தாளை மாற்றச் செலவிட்ட உழைப்பில் ஒரு சிறு பங்கை இந்த மேசைக்கு ஒதுக்கியிருந்தால் பார்வையாளர்கள் பின்வாங்கிலிருந்து வேறு சில குறிப்புகளையும் எழுதியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

பார்வையிடும் திட்டத்திலும் ஒரு மாற்றம் வேண்டும். புதிய வினாத்தாள் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, பழைய பரீட்சையின் நிழலில் நடந்த வகுப்புகளையும் இதே ஆசிரியர்களிடம் இதே கவனத்தோடு பார்த்துப் பதிந்திருக்க வேண்டும். வருடத் தொடக்கத்தில் பாடநூலைப் பின்பற்றியது பரீட்சையாலா, பழக்கத்தாலா என்ற கேள்விக்கு அந்தப் பழைய குறிப்பேடு ஒன்றே பதில் சொல்லக்கூடியது.